பவளக்கல் சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?

ஐயா,

முத்தும் சங்கும் கைமாறிய கீழக்கரைக் கடைத்தெருவின் பழைய பவளக்கல் (கடல் பவளப்பாறையிலிருந்து எடுத்த கல்) சுவர்களுக்குச் சிமெண்ட் பூசுகிறார்கள். கல்லிலேயே உப்பு உண்டு. ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்து, பூச்சு கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். (மேலே பெயிண்டும் அடித்தால் இன்னும் சீக்கிரம்.) சிமெண்டைக் கொத்தியெடுத்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு மூன்று வாரமாவது ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, ஆற்று மணல் 3 பங்கு, கடுக்காய் வெல்ல நீர் கலந்து பூசலாம். ஒரு வாரம் ஈரச்சாக்கு போடணும். கடல் மணல் கூடவே கூடாது.

உடைந்த கல்லுக்கு மாற்றைக் கடலில் தேட முடியாது: 2001 முதல் பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. இடித்த பழைய கட்டடக் கல்தான் கதி. அதையும் பள்ளம் நிரப்பக் கொட்டிவிடுகிறார்கள்.

வாசகர், கீழக்கரை