சதுரங்கக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கழகத்தின் வழக்கமான போட்டிகள் இவ்வாண்டும் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். நான் விரிவாகக் கூற விரும்புவது ஞாயிறு ஆய்வு வகுப்பைப் பற்றியே. டிராவில் முடிந்த ஆட்டங்களின் நகர்த்தல்களைப் பதிந்த குறிப்புத்தாளை நம் இளையவர்கள் மறுபடி எடுத்துப் பார்ப்பதே இல்லை என்று பயிற்சியாளர்கள் வருந்தியதால், அப்படி முடிந்த ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொண்டு முதல் நகர்த்தலிலிருந்து ஆராய்ந்தோம்.

2013 நவம்பர் 13 அன்று சென்னையில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் நான்காவது ஆட்டம் அது. வெள்ளைக் காய்களுடன் ஆடிய விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராக மாக்னஸ் கார்ல்சன் பெர்லின் தடுப்பாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். ரூய் லோபஸ் என்னும் தொடக்க ஆட்டமுறையின் கிளையான இதன் முதன்மை வழியில், எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்படுகின்றன; கறுப்பு ராஜா கோட்டை கட்டும் (யானையோடு சேர்ந்து ஒரே நகர்த்தலில் பாதுகாப்பான ஓரத்துக்குச் செல்லும்) உரிமையை இழக்க, சி நெடுவரிசையில் கறுப்புச் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடுகின்றன. அதற்கு ஈடாகக் கறுப்புக்கு இரண்டு பிஷப்புகளும் எளிதில் உடையாத அரணும் கிடைக்கின்றன. 2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ரஷ்ய வீரர் கிராம்னிக் இதை நான்கு முறை கையாண்டு, நான்கிலும் அன்றைய சாம்பியன் காஸ்பரோவை டிராவில் நிறுத்திப் பட்டத்தையும் வென்றார்.

ராணிகள் போய்விட்டால் ஆட்டத்தில் உயிர் இருக்காது என்று நினைத்த மாணவர்களைப் பதினெட்டாவது நகர்த்தல் நிமிர்ந்து உட்கார வைத்தது. கார்ல்சனின் பிஷப் ஏ2 கட்டத்தில் நின்ற வெள்ளைச் சிப்பாயை எடுத்தது. உடனே ஆனந்த் தம் சிப்பாயை பி3 கட்டத்துக்கு நகர்த்தி, அந்த பிஷப் திரும்பும் வழியை அடைத்தார். கார்ல்சனோ தம் சி சிப்பாயை முன்தள்ளிப் பூட்டை உடைத்து, பி1 கட்டத்தின் வழியாக பிஷப்பை மீட்டார். ஒரு சிப்பாய் குறைந்த நிலையிலும் ஆனந்த் ஒடுங்கிக் காக்காமல் காய்களை இயக்கத்திலேயே வைத்திருந்து, 64ஆம் நகர்த்தலில் டிரா பெற்றார். என் கருத்தில், அந்தப் போட்டியில் அவர் ஆடிய மிகச் சிறந்த தற்காப்பு இதுவே. அதே போட்டியின் முதல் ஆட்டம் ஒரே நிலை மும்முறை வந்ததால் 16 நகர்த்தல்களில் டிரா ஆனது. இரண்டுக்கும் ஆளுக்கு அரைப்புள்ளியே என்றாலும், பயில்வதற்கு உள்ளதில் பெரும் வேறுபாடு உண்டு.

எனவே, வரும் ஆண்டு முதல் கழகப் போட்டிகளில் டிரா செய்யும் இருவரும் ஆட்டத்தின் திருப்புமுனையைக் குறித்துக் குறிப்புத்தாளை வகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்ற செயற்குழுவின் தீர்மானத்திற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்