மதகைத் திறக்கும் முன் ஒரு பக்கெட் தண்ணீர்

பாகூர் பக்கம் குளம், குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் அண்ணன் தம்பிமார்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு விடிகாலையில் எங்கள் வயலுக்கு வரும் வாய்க்கால் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தேன். கரையோரம் முழுக்கத் தலைப்பிரட்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அயிரைக் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பத்துப் பதினைந்தைச் சொம்பில் அள்ளி நல்ல தண்ணீரில் விட்டேன், இரண்டுதான் பிழைத்தன.

மேலே ஒரு குளத்தில் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு, மூன்றாம் நாளே மதகைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கேட்டால், "மருந்தா போட்டோம்? புண்ணாக்குதானே!" என்றார் அங்கிருந்தவர்.

புண்ணாக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குஞ்சு விடுவதற்கு முன்னால் விரால், கெளுத்தியை ஒழிக்க அது நல்ல வழி. செத்த மீனைச் சாப்பிடலாம், பிறகு குளத்துக்கு அந்தப் புண்ணாக்கே உரம். ஆனால் அதில் இருக்கும் சபோனின், பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கிற அதே வகைச் சரக்கு. செவுள் வழியாக ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். பிறகு மூச்சு ஏது? தலைப்பிரட்டைக்கும் செவுள்தான். ஒரு ஹெக்டேருக்கு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2,500 கிலோ என்பது வழக்கமான கணக்கு. மூட்டை மூட்டையாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் 15 லிட்டர் குடத்துக்கு 4 கிராம்கூட வராது. அவ்வளவு கொஞ்சமே பெரிய விராலைச் சாய்க்கிறது என்றால், நகத்தளவு உயிர் என்ன ஆகும்?

அந்த வீரியம் அடங்க 15 முதல் 20 நாள் ஆகும். அதுவரை மதகைத் திறக்காதீர்கள். அப்புறமும் நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை மொண்டு, நாலு மீன்குஞ்சை விட்டு ஒரு நாள் பாருங்கள். துள்ளலோடு நீந்தினால் திறக்கலாம். குஞ்சு விடும் முன் உங்களுக்காக நீங்களே செய்கிற சோதனைதானே, அதையே வாய்க்காலுக்காகவும் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குளம் வழியும் காலத்தில் புண்ணாக்கே போட வேண்டாம்.

இந்தத் தலைப்பிரட்டைகள்தான் தவளையாகி எங்கள் நெல்லில் பூச்சி பிடிக்கின்றன. தண்ணீர் இரண்டு, மூன்று வாரம் தள்ளி வந்தாலும் நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். திறப்பதற்கு முதல் நாள் கீழ்வயல்காரர்களுக்கு ஒரு போன் போடுங்கள். பக்கெட்டைப் பார்க்க நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்