தேடி மாற்றும் நிரலுக்குத் தமிழ்ச் சொல்லின் எல்லை தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினித் தட்டச்சு, அச்சு வடிவமைப்பு, சிறு இணையதளங்கள் ஆகியவற்றைச் செய்துதரும் கடை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கோயில் தல வரலாறு, சங்க ஆண்டு மலர், பள்ளிப் பொன்விழா மலர் என்று பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டுக் குறுந்தகடுகளில் உறங்கிக் கிடந்தவற்றையெல்லாம், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையாகிய யூனிகோடுக்கு மாற்றி இணையத்தில் ஏற்றித் தரும்படி கேட்டு வருவோர் இப்போது மிகுந்துவிட்டனர். வரவேற்க வேண்டிய வேலைதான். ஆனால், இப்படி ஏற்றப்பட்ட பக்கங்கள் சிலவற்றைப் படிக்கும்போது, எவ்வளவு தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் ஒரு தட்டச்சர் செய்ய மாட்டாத பிழைகள், ஒரே பிழை பக்கத்துக்குப் பக்கம் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ‘இந்த வடிவத்தில் எதைக் கண்டாலும் அதை எடுத்துவிட்டு இதை வை’ என்று ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒற்றை வரியின் கைங்கரியம் அது. அத்தகைய வரிகளை எழுதிப் பிழைப்பவன் என்ற முறையிலும், அவற்றால் தலைகுனிந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வணிகர் சங்கம் ஒன்றின் மலரை இணையத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தேன். 2006 அக்டோபர் 1 முதல் அண்டை ஒன்றியப் பகுதியின் பெயர் சட்டப்படியே புதுச்சேரி ஆகிவிட்டதால், மலரில் ‘பாண்டி’ என்று பேச்சுவழக்கில் வரும் இடங்களையெல்லாம் ‘புதுச்சேரி’ என்று மாற்றித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டார்கள். ‘பாண்டி’ என்று தேடி ‘புதுச்சேரி’ என்று வைக்கும்படி ஒரு வரி எழுதினேன். முதல் ஓட்டத்தில் ஒரே ஓர் இடம்தான் மாறியது. ஜாவாஸ்கிரிப்டில் ‘ரீப்ளேஸ்’ கட்டளைக்குத் தேடும் சொல்லை வெறும் சரமாக, அதாவது எழுத்துக்கோவையாக மட்டும், கொடுத்தால் அது முதலில் கண்ட இடத்தை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடும் என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று. எல்லா இடத்தையும் மாற்றும் ‘ரீப்ளேஸ்ஆல்’ என்ற கட்டளை அம்மொழியின் தரநிலையில் 2021இல்தான் சேர்ந்தது. அதைப் போட்டு மறுபடி ஓட்டினேன். பாண்டிச்சேரி, ‘புதுச்சேரிச்சேரி’ ஆயிற்று. மலருக்கு வாழ்த்துரை வழங்கிய பெரியவர் பாண்டியன், ‘புதுச்சேரியன்’ ஆனார். பழைய கடலூரை நினைவுகூரும் கட்டுரை ஒன்றில் தெருவில் பாண்டி ஆடிய சிறுமியர் ‘புதுச்சேரி ஆடினர்’. வாழ்த்துரை வழங்கியவரே அதைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் அழைத்து, தமக்கு எப்போது ஊர்மாற்றம் நடந்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தனிச் சொல்லாக நிற்கும் ‘பாண்டி’யை மட்டும் மாற்று என்று சொல்ல வேண்டியதுதானே என்று தோன்றும். ஆங்கிலத்துக்கு அது மிக எளிது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் தேடல் வடிவங்களில் சொல்லின் எல்லையைக் குறிக்க ஒரு குறியீடு உண்டு. அதை இருபுறமும் வைத்துவிட்டால் போதும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறியீட்டுக்கு ‘சொல்லெழுத்து’ என்று தெரிந்தவை ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, அடிக்கோடு 1, ஆக 63 மட்டுமே. நாயன்மார் கணக்குதான், ஆனால் அந்த அறுபத்து மூவரில் தமிழர் ஒருவர்கூட இல்லை. தமிழ் எழுத்து அனைத்தும் அதற்கு இடைவெளியும் காற்புள்ளியும் போன்றவையே. எனவே ‘கடலூர்’ என்ற சொல்லின் இருபுறமும் எல்லைக் குறியீட்டை வைத்துத் தேடினால், கடலூரைப் பற்றியே எழுதப்பட்ட பக்கத்தில்கூட அது கிடைக்காது. பிழைச் செய்தியும் வராது. எதுவும் மாறவில்லையென்றால் மாற்ற எதுவும் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இன்னொரு பொறியும் உண்டு. ஆங்கிலத்தில் ஏ முதல் இசட் வரை என்று எழுதிப் பழகியவர்கள் தமிழுக்கு ‘அ முதல் ஹ வரை’ என்று எழுதிவிடுகிறார்கள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டிருப்பவை 128 இடங்கள்; அவற்றில் அ முதல் ஹ வரை உயிர்களும் அகரமேறிய மெய்களும் மட்டுமே அடங்கும். கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் ஹகரத்துக்கு அப்பால் நிற்கின்றன. ஆகவே அந்த வடிவம் ‘கடலூர்’ என்பதைக் ‘கடல’ என்றும் ‘ர’ என்றும் இரண்டு துண்டாக்கி, நடுவிலிருக்கும் ஊகாரத்தையும் கடைசிப் புள்ளியையும் கைவிட்டுவிடும். நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு குறி. புதுச்சேரியோ நமக்கு ஐந்து, அதற்குப் பத்து.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. 2018ஆம் ஆண்டுத் தரநிலை முதல், எந்த மொழியின் எழுத்தாயினும் ‘எழுத்து’ என்றும், அதன் மேலும் கீழும் ஏறும் குறிகளைச் ‘சார்ந்த குறி’ என்றும் வகை சொல்லித் தேட ஜாவாஸ்கிரிப்டே இடம் கொடுக்கிறது. சொல்லுக்கு முன்னால் இன்னது நிற்கக் கூடாது என்று சொல்லும் வசதியும் அதே ஆண்டில் வந்தது. அதற்கு முன்பே எக்ஸ்ரெஜெக்ஸ்ப் என்ற நிரல் தொகுப்பு இந்த யூனிகோடு வகைகளைத் தந்துவந்தது; நீண்ட தேடல் வடிவத்தைப் பல வரிகளாகப் பிரித்து நடுவே குறிப்பு எழுதிக்கொள்ளவும் அது விடுவதால், ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் நாம் எழுதியது நமக்கே புரிகிறது என்பதற்காக இன்றும் அதையே பயன்படுத்துகிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும்: ‘முன்னால் நிற்கக் கூடாது’ என்ற வசதியைச் சஃபாரி உலாவி 2023இல் வந்த 16.4 பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்திய பதிப்பு உள்ள ஐபோனில் அப்படிப்பட்ட ஒரு வரி இருந்தால் அந்த நிரல் கோப்பு முழுவதுமே ஓடாது.

கருவி சரியானாலும் தமிழ் இலக்கணம் சும்மா விடாது. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் வால் முளைத்தாலும் உருக்குலையாமல் நிற்கும். நம் ‘கடலூர்’ வேற்றுமை ஏற்றவுடன் கடலூரில், கடலூருக்கு, கடலூரை என்று கடைசிப் புள்ளியை உதறிவிடுகிறது. புள்ளியோடு தேடினால் இவற்றில் ஒன்றும் சிக்காது. புள்ளியை விட்டுக் ‘கடலூர’ என்று தேடினால் எல்லாம் சிக்கும், ஏனெனில் யூனிகோடில் ரகரம் ஒரு குறி, புள்ளி வேறொரு குறி. கண்ணுக்குத் தப்பாகத் தெரியும் இந்த அரைச் சொல்லே கணினிக்குச் சரியான வேர். ஆனால் மகர ஈற்றுக்கு இந்தத் தந்திரம் செல்லாது: மரம், மரத்தை ஆகும்போது மகரமே போய்விடுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் நிரல் எழுதுபவரைத் தேடிக்கொண்டு வருகின்றன. வல்லினம் மிகும் இடங்களோ இன்னும் வேடிக்கை. ‘புதுச்சேரிக்குச் சென்றார்’ என்பதில் ‘சென்றார்’ என்பதைப் ‘போனார்’ என்று மாற்றினால், விருந்தாளி போன பிறகும் வாசலில் கிடக்கும் செருப்பைப் போல அந்தச் ‘ச்’ அங்கேயே நின்று, ‘புதுச்சேரிக்குச் போனார்’ என்று அச்சாகிறது.

எழுத்துரு மாற்றத்தில் நிகழும் கேடு இவை எல்லாவற்றிலும் பெரிது. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தவை: கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. எனவே நம் ஊரைச் சுற்றி ஓடும் இரண்டு ஆறுகளும், மாற்றத் தவறினால் ‘ெகடிலம்’ என்றும் ‘ெபண்ைணயாறு’ என்றும் முகம் கோணிக் காட்சி தருகின்றன. கொம்பையும் அடுத்துள்ள மெய்யையும் பிடித்து இடம் மாற்றி வைக்க ஒரே ஒரு தேடல் வடிவம் போதும். ஆனால் அதை இருமுறை ஓட்டிவிடக் கூடாது. ஏற்கெனவே சரியாகிவிட்ட ‘கெடிலம்’ மறுபடி அதே வரியில் போனால், கொம்பு ககரத்தை விட்டு அடுத்திருக்கும் டகரத்தின் மேல் தாவி, ‘கடெிலம்’ ஆகிவிடும். இப்படிப்பட்ட எழுத்தை இணையத்தில் எங்கே கண்டாலும், யாரோ அந்தப் பொத்தானை இரண்டாம் முறை அழுத்தியிருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். கொள்ளிடத்தில் வேறொரு சிக்கல்: இடம் மாற்றிய பின் ‘கொ’வில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக நிற்கும்; நாம் விசைப்பலகையில் அடிக்கும் ‘கொ’வில் அவை இணைந்து ஒரே குறி. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, தேடினால் ஒன்று மற்றொன்றைக் காணாது. ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை இவற்றை ஒன்றாக்கிவிடும். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடித்து வைத்திருப்பவர்களை மட்டும் அதனாலும் திருத்த முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, தேடி மாற்றுவதே ஆகாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அப்பர் கரையேறிய ஊரைச் சிலர் திருப்பாதிரிப்புலியூர் என்றும் சிலர் திருப்பாப்புலியூர் என்றும் எழுதுகிறார்கள். ‘திரி’ என்பதை அடைப்புக்குறிக்குள் இட்டுப் பின்னால், ‘இது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி’ என்று பொருள்படும் கேள்விக்குறியை வைத்தால் இரண்டையும் ஒரே வடிவம் பிடித்துவிடும். நம் ஊர்ப்பெயருக்காகவே செய்த வசதியோ என்று முதலில் கண்டபோது மகிழ்ந்தேன். நடுவிலுள்ள ‘ப்’பைச் சிலர் விட்டுவிடுகிறார்களே என்று அதற்கும் ஒரு கேள்விக்குறி வைத்தபோது அது வேலை செய்யவில்லை. கேள்விக்குறி ஒட்டியது புள்ளிக்கு மட்டும், பகரத்துக்கு அல்ல. அதையும் அடைப்புக்குறிக்குள் இட வேண்டும் என்று புரிய அரைநாள் போயிற்று.

எந்த வடிவத்தாலும் தீர்க்க முடியாதவையும் உண்டு. ‘பாண்டியின் கடை’ என்றால் பாண்டி என்பவருடைய கடையா, பாண்டிச்சேரியில் உள்ள கடையா? கடலூருக்குப் பழைய பெயர் கூடலூர் என்பார்கள். அதை நம்பிக் ‘கூடலூர்’ எல்லாவற்றையும் மாற்றினால் நீலகிரியிலும் தேனியிலும் இருக்கும் கூடலூர்கள் கடற்கரைக்கு இறங்கிவிடும். பழைய மலர்களில் வரும் ‘தென்னார்க்காடு மாவட்டம்’ என்பதைக் ‘கடலூர் மாவட்டம்’ என்று மாற்றுவது வெறும் பொய். 1993இல் பிரியும்வரை விழுப்புரமும் அதற்குள்தான் இருந்தது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2001ஆம் ஆண்டுவாக்கில் யாஹூ மின்னஞ்சலில், ஆபத்தான ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகளைத் தடுப்பதற்காக ‘இவால்’ (eval) என்ற எழுத்துக்கோவையை ‘ரிவியூ’ (review) என்று மாற்றும் வடிகட்டி இருந்தது. அதனால் இடைக்காலத்தைக் குறிக்கும் ‘மெடீவல்’ (medieval) என்ற ஆங்கிலச் சொல் ‘மெடிரிவியூ’ (medireview) ஆகிப் பல பக்கங்களில் பரவியது. ஆங்கிலத்துக்கே இந்தக் கதி.

எனவே பழைய ஆவணங்களை மாற்றித் தருவோரிடமும், பணம் கொடுத்து மாற்றச் சொல்வோரிடமும் என் வேண்டுகோள் இதுதான். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். மாற்றும் நிரல் நேரடியாகக் கோப்பில் கைவைக்காமல், எந்தப் பக்கத்தில் எந்தச் சொல் எதுவாக மாறப்போகிறது என்ற பட்டியலை முதலில் தரட்டும். ‘ரீப்ளேஸ்’ கட்டளைக்கு மாற்றுச் சொல்லுக்குப் பதிலாக ஒரு சிறு செயல்கூற்றை (ஃபங்ஷன்) கொடுத்தால் இது பத்து வரி வேலை. அந்தப் பட்டியலை நிரல் எழுதியவர் அல்லாத, தமிழ் படித்த ஒருவர் பார்க்கட்டும். எங்கள் பகுதியில் வேலையில்லாத தமிழ்ப் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. நாள் ஒன்றுக்குக் கூலி கொடுத்து உட்காரவைத்தாலும், பிழையோடு அச்சான மலரைத் திரும்ப அடிக்கும் செலவில் கால்பங்கு ஆகாது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தமிழுக்குரிய நியமமாக ஏற்றது. அதன் பின் பிறந்த பிள்ளைகளே இப்போது கல்லூரி வாசலை நெருங்குகிறார்கள். ஆனாலும் இங்கே ஜாவாஸ்கிரிப்ட் கற்க வரும் மாணவர்கள் என்னிடம் காட்டும் பயிற்சிகளில் ஒன்றில்கூடத் தமிழ்ச் சொல் இருப்பதில்லை. மின்னஞ்சல் முகவரி சரிதானா என்று பார்க்கும் வடிவத்தையே எல்லாரும் எழுதுகிறார்கள். கணினி ஆசிரியர்கள் கடலூர், கொள்ளிடம், பெண்ணையாறு, மரத்தை, பாண்டியன் என்ற ஐந்து சொல்லை அப்பயிற்சியில் சேர்த்துப் பார்க்கட்டும். முதல் வகுப்பிலேயே பாதி நிரல்கள் விழுந்துவிடும்.

என் நிரல்களைச் சோதிக்க இப்படி விழவைக்கும் சொற்களாகத் தேடிச் சேர்த்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். புதுச்சேரியிலோ கடலூரிலோ எந்தக் கல்லூரி கேட்டாலும் படி எடுத்துத் தரச் சித்தமாக இருக்கிறேன். தங்கள் இதழின் கல்விப் பக்கத்தில் இடமிருந்தால் ஒரு பகுதியை வெளியிடவும் அனுப்பிவைக்கிறேன். வாழ்த்துரை வழங்கிய அந்தப் பெரியவரின் பெயர் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்