ரூத்ஃபுல் தப்பில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் போன வாரம் ஆங்கில நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். எதிர்ச்சொல் பயிற்சியில் ரூத்லெஸ் என்பதற்கு நேரே ரூத்ஃபுல் என்று எழுதியிருக்கிறாள், அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி, பக்கத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று குறிப்பு வேறு. கேர்லெஸ், கேர்ஃபுல் என்று சொல்லிக்கொடுத்த வழியிலேயே யோசித்த பிள்ளைக்குத் தப்பு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவும் அது நிஜமாகவே இருந்த சொல். ரூத் என்றால் இரக்கம். ரூத்ஃபுல் என்றும் ஒரு காலத்தில் எழுதினார்கள், பெரிய அகராதிகளில் பழைய வழக்கு என்ற குறிப்போடு இன்றும் இருக்கிறது. ஈவிரக்கம் இல்லாதவன் என்று நாம் சொல்வதில்லையா, அதிலுள்ள ஈவைத் தனியாகப் பிள்ளைகள் கணக்கு நோட்டில்தான் பார்க்கிறார்கள்.

மறுநாள் காலை வேன் வருவதற்குள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முதல்நாள் தலைக்குக் குளித்தது, ஒரே சிக்கு. தேங்காய் எண்ணெய் தொட்டு நுனியிலிருந்து சிக்கெடுக்கும்போது, அன்கெம்ப்ட்டுக்கு என்னம்மா எதிர்ச்சொல் என்றாள். கையிலிருந்த சீப்பையே காட்டினேன். சீப்புக்கு ஆங்கிலத்தில் சொல்கிறோமே கோம், அதற்குச் சொந்தக்காரச் சொல்தான் இந்த கெம்ப்ட். வாரிய தலை, வாராத தலை, அவ்வளவுதான். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மாமனார், அந்தக் காலத்தில் பிரெஞ்சில் படித்தவர், டிஷெவல்ட் என்பதிலும் முடிதான் இருக்கிறது, பிரெஞ்சில் தலைமுடிக்கு ஷெவ என்போம், அதன் பழைய வடிவம் என்று குரல் கொடுத்தார். நம்ம தலைவிரிகோலமேதான்! அதற்கு எதிர்ச்சொல் என்ன என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை, நாமும் தேடியதில்லை. பின்னல் போட்டு ரிப்பன் கட்டி முடிப்பதற்குள் இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டாள், இனி மறக்க மாட்டாள்.

முன்னால் ஒட்டுவதெல்லாம் இல்லை என்று பொருள் தருவதுமில்லை. மனக்குறையோடு இருப்பவரைச் சொல்லும் டிஸ்கிரண்டில்ட் என்பதில் கிரண்டில் என்றால் உறுமுவது, முணுமுணுப்பது; டிஸ் அதை இன்னும் அழுத்திச் சொல்கிறது. இன்ஃப்ளேமபிள் என்று டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருப்பதைத் தீப்பிடிக்காது என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆவது? அந்த பயத்தில்தான் அமெரிக்காவில் 1920களில் தீத்தடுப்பு அமைப்பினர் ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னார்கள். இரண்டுக்கும் ஒரே பொருள், எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான்.

இதெல்லாம் நம்மிடமும் அப்படியே இருக்கிறது. கோர விபத்து என்கிறோம், அகோரப் பசி என்கிறோம். வடமொழியில் அகோரம் கோரம் அல்லாதது, சிவனின் ஐந்து முகங்களில் ஒன்றுக்கு அந்தப் பெயர். தமிழில் பசியோடு சேர்ந்து கோரமாகவே ஆகிவிட்டது. அநாயாசமாகச் செய்தான் என்பதற்குள் ஆயாசம் இருக்கிறது, மத்தியானம் ஆயாசமாக இருக்கிறது என்று படுப்பவர்கள்கூட அதைக் கவனிப்பதில்லை. அப்புறம் அசட்டை. சட்டை செய்யாமல் போனான் என்று சொல்கிறோமே அந்தச் சட்டை, போட்டுக்கொள்ளும் சட்டை இல்லை. பொல்லாத பிள்ளை என்று தினமும் திட்டுகிறோம், பொல்லும் பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை.

இத்தனையும் தெரிந்த மொழியில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் மட்டும் அன், டிஸ், லெஸ் என்று ஒட்டவும் வெட்டவும் பழக்கிவிட்டுத் தப்பு போட்டால் பிள்ளைகள் சொல்லைக் கண்டே பயப்படும். ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் ஒரு முறை அகராதியைப் புரட்டிப் பார்க்கட்டும். நீங்களும் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு ஆங்கிலச் சொல், அதற்குப் பக்கத்திலேயே அதுபோன்ற ஒரு தமிழ்ச் சொல் என்று போடுங்களேன். அன்கெம்ப்ட், தலைவிரிகோலம் இரண்டையும் முதல் வாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி