மானிய டிராக்டருக்கு சர்வீஸ் உத்தரவாதமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. அரசு மானியமும் இருப்பதால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சிறு விவசாயிகள் 18 முதல் 28 எச்.பி. வரையிலான மினி டிராக்டர்களைத் தேடி வாங்குகிறார்கள். சென்னையில் குடியிருந்துகொண்டு மதுராந்தகம், உத்திரமேரூர், ஊத்துக்கோட்டை பக்கம் மூன்று நான்கு ஏக்கர் வைத்திருப்பவர்களும் வாங்குகிறார்கள். எத்தனை கிலோ தூக்கும், மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும், தவணை எவ்வளவு என்பதெல்லாம் ஷோரூமில் விளக்கமாகச் சொல்லப்படுகிறது. சேடை (நடவுக்கு முன் வயலைச் சேறாக்கும் உழவு) ஓட்டும்போது வண்டி நின்றால் எத்தனை நாளில் மெக்கானிக் வருவார், பாகம் எந்த ஊர் கிடங்கில் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

புதிய மினி டிராக்டர் ஓடும் முதல் 200 மணி நேரத்துக்குள் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை சின்னவை. அரை நாளில் முடிகிற வேலைகள். அவை வாரக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் இயந்திரத்தைவிட டீலரின் சர்வீஸ்தான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் போடும் நம் பகுதியில், சேடை பத்து நாள் தள்ளிப்போனால் நாற்று முற்றிவிடும், தூர் குறையும், மகசூல் அங்கேயே போய்விடும். வாரண்டியில் பாகம் இலவசமாகக் கிடைத்தாலும் இந்த நஷ்டத்தை யாரும் ஈடுகட்டுவதில்லை.

டெலிவரி நாளிலிருந்தே கவனம் தேவை. தொழிற்சாலையிலிருந்து லாரியில் வரும் டிராக்டரின் டயர்களில் பயணத்துக்காகக் காற்று கூடுதலாக அடிக்கப்பட்டிருக்கும். அதைக் குறைப்பது, சக்கர நட்டுகளை முறுக்கு அளவு பார்த்து இறுக்குவது, எல்லா ஆயில் மட்டங்களையும் சரிபார்ப்பது, ஹோஸ் கிளிப்புகளை இறுக்குவது ஆகியவை டெலிவரிக்கு முன் டீலர் செய்ய வேண்டிய வேலை. அதற்கென்று கம்பெனி கொடுத்த சரிபார்ப்புத் தாள் உண்டு. பல இடங்களில் வண்டியைக் கழுவி மாலை போட்டதும் அந்தத் தாளில் வரிசையாக டிக் அடித்துவிடுகிறார்கள்.

விட்டுப்போன ஒரே ஒரு கிளிப் என்ன செய்யும் என்று பாருங்கள். ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தால், வடிகட்டாத புழுதிக் காற்று நேராக சிலிண்டருக்குள் போகும். ரிங்கும் லைனரும் தேயும், ஆயில் குறையும், நீலப் புகை வரும். அப்போது டீலர் சொல்லும் பதில், “தூசி உள்ளே போயிருக்கிறது, பராமரிப்பு சரியில்லை, வாரண்டி கிடையாது” என்பதுதான். எனவே வண்டி வந்த முதல் வாரத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த ஹோஸைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் நிறம் ஒட்டினால் அதைப் படம் எடுத்து, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரையும் சேர்த்துப் படம் எடுத்து, அன்றைக்கே டீலருக்கும் கம்பெனிக்கும் அனுப்புங்கள். பில்டர் டப்பாவின் அடியில் தூசியை வெளியேற்ற ஒரு ரப்பர் வால்வு இருக்கும். அது கிழிந்தோ உதிர்ந்தோ போயிருந்தாலும் இதே கதிதான். விலை மிகக் குறைந்த பாகம். ஆனால் டீலரிடம் கேட்டால் “ஆர்டர் போட வேண்டும்” என்பார்கள்.

சூடேறுவது அடுத்த தொல்லை. ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பையை ஓட்டும்போது பறக்கும் வைக்கோல் தூளும் சருகும் ரேடியேட்டர் முன்னாலுள்ள வலையில் படிந்து காற்றை அடைத்துவிடும். பெரிய டிராக்டரைவிட மினியில் ரேடியேட்டர் சிறியது. அடைப்பு சீக்கிரம் தெரியும். வலையைத் தினமும் உருவித் தட்ட வேண்டும். ரேடியேட்டரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். வாட்டர் சர்வீஸ் பைப்பை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கி நிரந்தர அடைப்பாகிவிடும். தண்ணீர் குறைந்தால் போர்வெல் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். நம் கடலோரப் பகுதிகளில் உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். உள்ளே பொருக்குக் கட்டும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கம்பெனி சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றினால் போதும். வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குப் போனபின்னும் “இந்த ஒரு சுற்று” என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். அந்தச் செலவை எந்தக் கம்பெனியும் ஏற்காது. அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நான்கு சக்கர இயக்கம் உள்ள மாடல்களில் அதிகத் தகராறு முன் ஆக்சிலில்தான். சேற்றில் ஓடும்போது வைக்கோலும் நைலான் கயிறும் அச்சில் சுற்றி ஆயில் சீலை அறுத்துவிடும். சீல் போனால் ஆயில் வெளியே கசியும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதைவிடக் கெடுதல், தண்ணீர் உள்ளே போவது. சேடை முடிந்ததும் முன் ஆக்சிலின் டிரெய்ன் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் அன்றைக்கே வடித்துப் புது ஆயில் ஊற்றி, சீலையும் மாற்றியாக வேண்டும். அப்படியே விட்டால் அடுத்த பட்டத்துக்குள் பேரிங்கும் பல்சக்கரமும் துரு அரித்துவிடும். சில மாடல்களில் கிளட்ச்சின் வெளிக்கூட்டின் அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். சேற்றில் இறங்குமுன் அதற்கு அடைப்பான் போட வேண்டும்; கரையேறியதும் எடுத்துவிட வேண்டும். எத்தனை டீலர்கள் டெலிவரியின்போது இதைக் காட்டுகிறார்கள்? சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் மாட்டினால் வாரண்டி செல்லுமா என்பதையும் புத்தகத்தில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். நெல் வயலுக்கென்று விற்கும் வண்டிக்கு அது செல்லாது என்றால் அதை முன்கூட்டியே சொல்வது டீலரின் கடமை.

தார் ரோட்டில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டவே கூடாது. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சில சதவீதம் வேகமாகச் சுற்றும்படிதான் அமைத்திருக்கிறார்கள். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கலில் தீர்ந்துவிடும். ரோட்டில் வழுக்க இடமில்லாததால் டயரையும் முன் ஆக்சில் பல்சக்கரத்தையும் தின்னும். டயர் மாற்றும்போது வேறு அளவு போட்டாலும் இதே கோளாறு வரும்.

டீசல் விஷயத்துக்கு டீலரை எதிர்பார்க்கவே தேவையில்லை. கேனில் வாங்கி வைக்கும் டீசலில் தண்ணீர் இறங்கும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அந்தத் தண்ணீர் தங்கும் செடிமென்டர் கிண்ணத்தை வாரம் ஒருமுறை வடித்துவிடுங்கள். டேங்க் காலியாகி ஏர் பிடித்துவிட்டால், டீசலை நிரப்பி, பில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குருவை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, கைப்பம்பை அடித்துக் குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்க வேண்டும். பிறகு இன்ஜெக்ஷன் பம்பின் ஏர் ஸ்குருவிலும் அதே வேலை. சில மாடல்களில் காற்று தானாகவே வெளியேறிவிடும். இதைக்கூடக் காட்டிக்கொடுக்காததால், ஏர் லாக்குக்காக இரண்டு நாள் மெக்கானிக்குக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமுள்ள நிலங்களில் உப்புக்காற்றால் பேட்டரி முனை, எர்த் ஒயர், சேஃப்டி சுவிட்ச் இணைப்புகள் பூத்துப்போகும். சாவி போட்டும் சத்தமே இல்லையென்றால் ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொல்லுமுன் இவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து கிரீஸ் தடவிப் பார்க்கலாம்.

விற்பனையின்போதே விதைக்கப்படும் ஒரு பழுதும் உண்டு. 24 எச்.பி. என்பது இன்ஜின் சக்தி. ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதைவிடக் குறைவு. நான்கு அடி ரோட்டவேட்டர் போதிய வண்டிக்கு, லாபத்துக்காக ஐந்தடி ரோட்டவேட்டரைக் கட்டிவிட்டால் கிளட்ச் தேயும், இன்ஜின் சூடேறும், டீசல் போகும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. உண்மையான பி.டி.ஓ. சக்தி, தூக்கும் திறன், சோதனையின்போது வந்த பழுதுகள் எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத் தாளை வைத்துவிட்டு, டீலரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள்.

இனி டீலர்களைப் பற்றி. வண்டியைப் பட்டறையில் விட்டால் ஜாப் கார்டு போடுவதில்லை. துண்டுச் சீட்டு, அல்லது வாய்ப்பேச்சு. வண்டி எந்தத் தேதியில், எத்தனை மணி நேரத்தில், என்ன குறையோடு வந்தது என்பதற்குச் சான்றே இல்லாமல் போகிறது. பிறகு வாரண்டி முடிந்ததும் “இந்தக் குறை முன்பு இல்லையே” என்பார்கள். பேட்டரி, டயர், டைனமோ, ஸ்டார்ட்டர், இன்ஜெக்ஷன் பம்ப் போன்றவற்றுக்கு வாரண்டி அவற்றைத் தயாரித்தவர்களுடையது என்று தட்டிக்கழிப்பதும் வழக்கம். விவசாயி ஒரே கடையில் ஒரே பில்லுக்குப் பணம் கட்டியிருக்கிறார். அந்தத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கித் தரும் வேலை டீலருடையது. ஒரு டீலர் கடையை மூடிவிட்டால் அடுத்த டீலர், “எங்களிடம் வாங்கவில்லையே” என்கிறார். வாரண்டி தருவது கம்பெனி. அதன் அங்கீகாரம் பெற்ற எந்த டீலரும் அதை மறுக்கக் கூடாது.

டீலர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பயிற்சி பெற்ற மெக்கானிக் கிடைப்பதில்லை. பழைய பாகத்தைக் கம்பெனிக்கு அனுப்பி, ஒப்புதல் வந்து, பிறகே புதுப் பாகம் வருகிறது. ஆனால் அந்தத் தாமதத்தின் சுமையை விவசாயி தலையில் இறக்குவது எப்படிச் சரியாகும்?

வாங்கியவர்கள் செய்ய வேண்டியது இது. இன்வாய்ஸ், முத்திரையிட்ட வாரண்டி புத்தகம், டெலிவரி சரிபார்ப்புத் தாளின் நகல் மூன்றும் கையில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணி நேரத்தில் வரும். அதைத் தவறவிட்டால் வாரண்டியை மறுக்க அதுவே சாக்காகிவிடும். மீட்டர் 45-ஐத் தொட்டதும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். டீலர் வரத் தாமதித்தால் தாமதம் யாருடையது என்பது அந்தச் செய்தியில் நிற்கும். ஆயில் பில், பில்டர் பில் எதையும் எறியாதீர்கள். ஒரு டீசல் பில்டர், ஒரு ஆயில் பில்டர், ஒரு பேன் பெல்ட், சில பியூஸ்கள், ரோட்டவேட்டரின் ஷியர் போல்ட்டுகள் வீட்டில் இருக்கட்டும். பளு அதிகமானால் தான் உடைந்து மற்றதைக் காப்பதுதான் ஷியர் போல்ட்; அதற்குப் பதிலாகக் கடினமான போல்ட் போட்டுவிட்டால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ்.

அதன் பிறகும் டீலர் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலாக வாழ்வாதாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு வாங்கியவர் நுகர்வோரே. குறைபாடு எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள், தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே டீலர், கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து வழக்குத் தொடரலாம். 50 லட்சம் ரூபாய் விலை வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். அங்கேயும் ஜாப் கார்டும் படங்களும்தான் பேசும். 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வேளாண் கருவிகளும் ஒரு பிரிவு. அதில் கம்பெனிகள் உதிரிபாக விலையையும் பராமரிப்புக் கையேட்டையும் தமிழில் போட்டாலே பாதிப் பிரச்சினை குறையும்.

ஆனால் நெல்லுக்கு உழவு ஓட்ட வேண்டிய விவசாயியை ஆணையத்துக்கு அலைய விடாமல் தடுக்கும் வழி அரசிடம் இருக்கிறது. நந்தனத்தில் உள்ள வேளாண் பொறியியல் துறையின் தலைமை அலுவலகத்துக்கு இக்கடிதத்தின் மூலம் எங்கள் வேண்டுகோள் இதுதான். மானியத்தில் விற்க ஒரு மாடலை அனுமதிக்கும்போது, அதன் டீலர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருப்பில் வைத்திருக்க வேண்டிய உதிரிபாகப் பட்டியலை நிபந்தனையாக்க வேண்டும். பில்டர்கள், பெல்ட், முன் ஆக்சில் ஆயில் சீல் செட், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் இவையாவது அதில் இருக்க வேண்டும். பட்டக் காலத்தில் வேலையை நிறுத்தும் பழுதுக்கு 48 மணி நேரத்துக்குள் மெக்கானிக் வர வேண்டும். ஏழு நாளுக்குள் சரியாகாவிட்டால் டீலர் மாற்று டிராக்டர் தர வேண்டும், அல்லது வாடகை டிராக்டரின் செலவை ஏற்க வேண்டும். உழவன் செயலியில் மானியத்துக்கு விண்ணப்பிக்க இடம் இருப்பதுபோல், வாங்கிய இயந்திரத்தின் சர்வீஸ் புகாருக்கும் ஓர் இடம் தர வேண்டும். எந்த டீலர் மீது எத்தனை புகார் தீராமல் நிற்கிறது என்பது அதே செயலியில் அடுத்து வாங்கப்போகிறவர் கண்ணில் பட வேண்டும். நிபந்தனையை மீறும் டீலருக்கு அடுத்த ஆண்டு மானிய விற்பனைக்கு அனுமதி தரக் கூடாது. நவரைச் சேடை தொடங்குமுன் இதற்கான சுற்றறிக்கையைத் துறை வெளியிடலாம்.

இப்படிக்கு,
வேளாண் இயந்திரப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
குரோம்பேட்டை, சென்னை - 44.