காலாண்டு ஆங்கிலத் தாள் பற்றி: 'ஹீ' யாரு, 'ஷீ' யாரு?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் இந்த வாரம் வீட்டுக்கு வருகின்றன. ஆங்கிலத் தாளில் சிவப்பு மை அதிகம் விழுந்திருப்பது ஹீ, ஷீ, இட், தே என்ற புரோநவுன்களில்தான், அதாவது பெயருக்குப் பதிலாக வரும் 'அவன், அவள், அது, அவர்கள்' போன்ற சொற்களில்தான். பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னோம். 'மை மதர்' என்று தொடங்கிய பலர், அடுத்த வரியிலேயே 'தே' என்று போய்விட்டார்கள். வீட்டில் 'அவங்க' என்று சொல்லிப் பழகிய வாய். மரியாதைக்குப் பன்மை போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அம்மாவுக்கும் 'ஷீ'தான், கலெக்டர் அம்மாவுக்கும் 'ஷீ'தான். அதில் மரியாதைக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'தே' என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்திலும் உண்டு, ஆனால் பெற்ற அம்மாவுக்கு அது எதற்கு? வேறு சிலர் டீச்சரை 'ஹீ' ஆக்கிவிட்டார்கள். நம் 'அவர்' இரு பாலுக்கும் பொது என்பதால் வந்த வினை.

அப்புறம், 'யெஸ்டர்டே வென்ட் டு பாபநாசம்' என்று ஒரு வரி. 'போனேன்' என்றாலே போனது நான்தான் என்று தமிழில் தெரிந்துவிடும். 'வென்ட்' அப்படிக் காட்டாது; போனது நானா, நீயா, அவனா? அதனால் 'ஐ' கட்டாயம் வேண்டும். இதற்கு நேர்மாறாக, 'மை ஃபாதர் ஹீ இஸ் எ ஃபார்மர்' என்று ஒரே ஆளை இரண்டு தடவை சொல்வதும் நடக்கிறது. 'எங்கப்பா, அவரு விவசாயி' என்கிற பேச்சு அப்படியே தாளில் இறங்கிவிட்டது.

'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றுதான். நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலேயே இந்த வேறுபாட்டைப் பேசியிருக்கிறார். நல்லவேளை, இதில் பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் இல்லை.

'மைசெல்ஃப் முருகன்' என்று அறிமுகம் செய்துகொள்வது பெரியவர்களிடமும் இருக்கிறது. 'ஐ ஆம் முருகன்' போதும்.

எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே சார் என்பீர்கள். தெரியவேண்டாம். பீடி சுற்றிக்கொண்டே கேட்கலாம். விடையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஹீ, ஷீ, தே வரும்போதெல்லாம் நிறுத்தி, 'ஏல, யாரைச் சொல்லுத?' என்று கேளுங்கள். பிள்ளை உடனே ஒரு பெயரைச் சொன்னால், ஆணா பெண்ணா, ஒருத்தரா பலரா என்று மட்டும் கேளுங்கள். தப்பு இருந்தால் அதுவே திருத்திக்கொள்ளும். 'ராஜா டோல்ட் மணி தட் ஹீ வாஸ் லேட்' போன்ற வரியில் முழிக்கும். தாமதமாக வந்தது ராஜாவா மணியா? அந்த இடத்தில் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

விடைத்தாளில் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் ஆங்கில ஆசிரியையைப் பார்க்கலாம்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்