ஆர்தரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க அதிபர்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, 21-ஆவது அதிபர் செஸ்டர் ஆர்தரை, முந்தைய அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டதால் பதவிக்கு வந்தவர் என்ற ஒரே வரியில் கடந்து சென்றது வருத்தமளிக்கிறது. நியூயார்க் சுங்க அலுவலகத் தலைவராக இருந்து, கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுத்து அவர்களின் சம்பளத்திலிருந்தே கட்சி நிதி திரட்டும் ஏற்பாட்டில் வளர்ந்த அவரை, 1878-இல் அதிபர் ஹேய்ஸ் அப்பதவியிலிருந்து நீக்கினார். அப்படிப்பட்டவரே 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டு, மத்திய அரசுப் பணிகளில் ஒரு பகுதிக்குத் தேர்வு முறையைக் கொண்டுவந்ததுடன், ஊழியர்களிடம் கட்டாயக் கட்சி வசூல் நடத்துவதையும் சட்டவிரோதமாக்கினார். தம் சொந்த அணியினரின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் செய்த இச்செயலே அவரை மதிப்பிடும் அளவுகோலாக வேண்டும். சீனத் தொழிலாளர்களின் குடியேற்றத்துக்குத் தடை விதித்த 1882-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவர் கையெழுத்து உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

நான் வரலாற்று ஆசிரியராக இருந்தபோது, நியூயார்க்கில் குதிரை இழுக்கும் டிராம் வண்டியிலிருந்து பலவந்தமாக இறக்கிவிடப்பட்ட எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பின ஆசிரியைக்காக, இருபத்தைந்தே வயதான வழக்கறிஞர் ஆர்தர் வாதாடி 1855-இல் இழப்பீடு பெற்றுத் தந்ததைச் சொன்னால், பின்வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்த வழக்கிலிருந்து தொடங்கி ஆர்தரைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையைத் தங்கள் மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கும்பகோணம்